விட்டுப்போன வியாழக்கிழமை

“அசையாதீங்க ஐயா, மூச்சு மட்டும் மெல்ல விட்டுக்கோங்க” என்று அந்த ஸ்கேன் சென்டர் பெண் சொல்லிவிட்டுப் போனதுதான் தாமதம், தவசிலிங்கத்துக்கு மூக்கு நுனியில் அரிப்பெடுத்தது. ஐம்பத்தெட்டு வருஷமாக அரிக்காத மூக்கு. சொறியலாம் என்றால் கை வராது. இரண்டு கையையும் விலாவோடு ஒட்டிப் பட்டை போட்டிருந்தாள், தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் துண்டு வைத்து இறுக்கி, முகத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, அப்படியே குழாய்க்குள் தள்ளியாகிவிட்டது. கூண்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி வெள்ளையாக ஒன்று இருந்தது. சுவராக இருக்கலாம், வெறும் வெளிச்சமாகவும் இருக்கலாம், மூக்குக்கண்ணாடி இல்லாத தவசிலிங்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணாடியும் கைக்கடிகாரமும் அரைஞாண் கயிற்றில் கிடந்த வெள்ளித் தாயத்தும் வெளியே அவர் மனைவி முத்துக்கனியின் கைக்குட்டையில் முடிச்சாக இருக்கின்றன. மோதிரமும்கூட. சோப்புப் போட்டு உருவினாள், முப்பத்தோரு வருஷம் கழற்றாத மோதிரம், அது இருந்த இடத்தில் விரல் வெளுத்துப்போய் வேறு யாருடைய விரலோ மாதிரி இருந்தது. உள்ளே வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐந்து. முக்கால் மணி ஆகும் என்றாள் அந்தப் பெண். வலது கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்து, “முடியலேன்னா இதை அமுக்குங்க, உடனே வெளிய எடுத்துருவோம். ஆனா திரும்ப முதல்ல இருந்துதான் எடுக்கணும்” என்று சொன்னாள். மனுஷனை அடைத்துவிட்டுக் கையில் சாவியையும் கொடுத்து, திறந்தால் மறுபடி அடைப்போம் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்க அவர் வாயெடுப்பதற்குள் கட்டில் இன்னும் அரையடி உள்ளே போனது, பிறகு சத்தம் தொடங்கியது.

டொக் டொக் டொக் டொக். காதில் அடைப்பான் இருந்தும் மண்டைக்குள் இறங்கியது. சத்தத்தில் என்ன பயம், சிவகாசிக்காரனுக்கு மெஷின் சத்தம் தாலாட்டு, இது என்ன மெஷின், பின் அடிக்கிற மெஷின், காலண்டர் கட்டுக்குத் தலைமாட்டில் தகரப் பட்டை வைத்துக் கம்பி இறக்குகிற அதே தாளம் என்று அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் அடங்கியது. இருபத்தேழு வருஷமாக ஒரே அச்சகத்தில் பிழைதிருத்துகிறார், புத்தகம் எப்போதாவது வரும், முக்கியமாகத் தினசரி காலண்டர். காலையில் ஒரு தாளைச் சர்ரென்று கிழிக்கிறார்களே, அந்தத் தாளில் ராகு காலம் ஒரு மணி நேரம் தள்ளி விழுந்தால் எத்தனை பெண் பார்க்கும் படலம் நாறிப்போகும், அப்படி விழாமல் பார்ப்பது அவர் பாடு. ஆடிப்பெருக்குக்குப் புது வருஷத்து மாதிரிகளை வெளியே விடுவார்கள் என்றாலும் அவர் மேஜைக்கு வைகாசியிலேயே அடுத்த வருஷம் வந்துவிடும். அதனால் வந்த வினைதான் இது. போன வாரம் டாக்டர் சும்மா பேச்சுக்குக் கேட்பது போல “இன்னைக்கு என்ன தேதி, என்ன கிழமை, எந்த வருஷம்?” என்று கேட்டார். இவர் தேதியைச் சரியாகச் சொல்லி, கிழமையையும் வருஷத்தையும் அடுத்த வருஷத்தினுடையதாகச் சொன்னார், தயங்காமல், அந்த நாளின் எமகண்டத்தோடு சேர்த்து. டாக்டர் எதையோ குறித்துக்கொண்டார். முத்துக்கனி குறுக்கே விழுந்தாள். “டாக்டர், இவுகளுக்கு எப்பவும் அப்படித்தான், எங்க ஊர்ல ஆடியிலயே தை பொறந்துரும்.” டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலைக்கு ஸ்கேன் என்று எழுதிக் கையில் கொடுத்தார்.

அது மட்டுமென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சித்திரையில் ஒரு நாள் குளியலறை வாசலில் துண்டோடு நின்றார். குளிக்கப் போகிறோமா, குளித்துவிட்டு வந்தோமா என்று தெரியவில்லை. முதுகைத் தொட்டுப் பார்த்தார், ஈரம், ஆனால் சித்திரை மாதத்தில் யார் முதுகுதான் ஈரமில்லை. யாரிடமும் சொல்லாமல் குளித்தார், இரண்டாவது தடவையாகவும் இருக்கலாம். சத்தம் நின்றது. காதுக்குள் அந்தப் பெண்ணின் குரல் வந்தது, “நல்லா இருக்கீங்களா ஐயா? அடுத்தது அஞ்சு நிமிஷம். அசையாதீங்க.” நல்லா இருக்கேன் என்று சொன்னால் தாடை அசையும், சொல்லாவிட்டால் இல்லை என்று நினைப்பாளோ என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் மாறி வந்தது, இந்தத் தடவை பெரிய மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே உறுமல். ஐந்து நிமிஷம். கடிகாரம் இல்லாதவனிடம் ஐந்து நிமிஷம் என்று சொல்வதும் குருடனிடம் சிவப்பு என்று சொல்வதும் ஒன்றுதான் என்று எரிச்சலாக வந்தது. இந்த இடத்தில் காலம் என்பது அவள் சொல்கிற காலம், அவள் டீ குடிக்கப் போய்விட்டால் காலமும் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

காலம் பற்றி ஒரு புத்தகம் திருத்தியிருக்கிறார். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தன் செலவில் அச்சடித்தது, நூற்றி எண்பது பக்கம், நாலு தடவை புரூப் போனது. உலகத்தில் அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தவர்கள் இரண்டே பேர், எழுதியவரும் இவரும், எழுதியவர் ஒரு தடவைக்கு மேல் படித்திருப்பாரா என்பது இவருக்குச் சந்தேகம். காலம் ஓடவில்லை என்றார் பேராசிரியர். நீளம் அகலம் உயரம் போல அதுவும் ஒரு பக்கம் நீண்டு கிடக்கிறது, நேற்றும் நாளையும் இப்போதே இருக்கின்றன, நாம்தான் ஒன்று ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறோம், ரயிலில் போகிறவன் ஸ்டேஷன்களைப் பார்ப்பது மாதிரி. ரயில் எதற்கு ஐயா, காலண்டர் கட்டைச் சொன்னால் ஒரே வரியில் முடியுமே என்று ஓரத்தில் எழுதப் பேனாவைக் கொண்டுபோய்விட்டுக் கையை இழுத்துக்கொண்டார் தவசிலிங்கம். எழுத்தைத் திருத்தத்தான் சம்பளம், கருத்தைத் திருத்த அல்ல. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கட்டு அவர் மனசில் உட்கார்ந்துவிட்டது. கோடவுனுக்குள் போய்ப் பார்த்தால் தெரியும், முன்னூற்று அறுபத்தைந்து நாளும் ஒன்றன்மேல் ஒன்றாக, பொங்கல் தீபாவளி அமாவாசை எல்லாம் ஒரே நேரத்தில், ஓட்டமுமில்லை ஒன்றுமில்லை, கனம் மட்டும் உண்டு. தலைமாட்டில் கம்பி இறங்கியிருக்கும். ஒரு தாளில் மட்டும் குடியிருக்கிற எறும்புக்கு அந்தக் கம்பி ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. அடுத்த தாளில் இருக்கும் எறும்புக்கும் அதே இடத்தில் ஒரு புள்ளி. நேற்று இருந்த புள்ளி இன்றும் இருக்கிறது, வளர்கிறது, நரைக்கிறது என்று எறும்புகள் பேசிக்கொள்ளும். எல்லாவற்றிலும் இறங்கியிருப்பது ஒரே கம்பி என்று தாளைவிட்டு வெளியே வந்தால்தானே தெரியும். நான் என்பது அந்தக் கம்பி, எல்லாத் தாளிலும் ஒரே நேரத்தில் குத்தியிருக்கிறேன் என்று தோன்றிய நாளில் அவருக்குப் பெரிய சமாதானமாக இருந்தது, வீட்டுக்கு வரும் வழியில் முத்துக்கனிக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார். இப்போது குழாய்க்குள் கிடக்கும்போது அந்தச் சமாதானம் வேறு மாதிரி இருந்தது. குத்தி இறக்கிவிட்ட கம்பி எங்கே போகும்? இந்தத் தாளிலும் அசைய முடியாது, அடுத்த தாளிலும் அசைய முடியாது. பொருள் என்று நாம் சொல்வதெல்லாம் கிட்டத்தட்ட முழுக்க வெற்றிடம், இரும்பும் வெறும் வெளிதான் என்றும் பேராசிரியர் எழுதியிருந்தார். வெளி என்றால் இந்தச் சுவர் கொஞ்சம் விலகிக்கொள்ளட்டுமே, நாலு விரல் போதும், ஒரே ஒரு தடவை மூக்கைச் சொறிந்துகொள்கிறேன்.

மூச்சு முட்டுவது போலிருந்தது. மூச்சு முட்டவில்லை, காற்று காலடியிலிருந்து சில்லென்று வந்துகொண்டுதான் இருந்தது, முட்டுவது போல இருந்தது, அவ்வளவுதான். காத்திருந்த அறையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். உடம்பில் இருக்கும் தண்ணீரின் அணுக்களைக் காந்தம் வரிசையில் நிறுத்தும், மூளையைத் தாள் தாளாகப் படம் எடுக்கலாம், வலி இல்லை. அதில் இரண்டு எழுத்துப்பிழை. ஒரு ஒற்று வேறு இல்லை. தாள் தாளாக என்றுதான் எழுதியிருந்தார்கள், அவருடைய தொழிலின் சொல்லையே கொண்டுவந்து அவர் தலையில் போட்டிருந்தார்கள். ஆக இந்த நிமிஷம் தலைக்குள் தாள் பிரிக்கிறார்கள். யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து அதைப் புரட்டிப் புரட்டிப் பிழை பார்க்கப் போகிறார். இந்த நினைப்பை உதற வேண்டுமென்று அவர் தனக்கு நன்றாக வரும் வித்தையைக் கையிலெடுத்தார். நேற்றுச் சாயங்காலம்தான் அடுத்த வருஷத்தைப் படித்து முடித்திருந்தார். அதை ஜனவரி முதல் மனசுக்குள் புரட்டினால் முக்கால் மணி ஓடிவிடும். வருஷா வருஷம் முடியும், பஸ்ஸில் போகும்போது செய்வார். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புரூப் சீட்டு, மாதத்துக்கு ஒரு கட்டு, ரப்பர் பேண்டு, பார்த்து முடித்த சீட்டின் வலது மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு ‘த’. எல்லாச் சீட்டும் கண்ணில் நிற்கும்.

ஜனவரி நன்றாக ஓடியது. பொங்கல், மாட்டுப் பொங்கல், தைப்பூசம். ஒவ்வொரு சீட்டிலும் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு சொல், வரவு, செலவு, அலைச்சல், பாராட்டு, பயம் என்று. அங்கேதான் அவருக்கு ஒரு திருட்டு உண்டு. முத்துக்கனிக்குக் கும்ப ராசி. கல்யாணமான புதிதில் அவள் காலையில் தாளைக் கிழித்ததும் கும்பத்தைத்தான் படிப்பாள், ‘நஷ்டம்’ என்று இருந்தால் அன்றைக்குக் குழம்பு இறங்கும்வரை முகம் இருண்டு கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த எட்டாம் வருஷம் ஒரு சீட்டில் கும்பத்துக்கு ‘நஷ்டம்’ என்று கண்ணெதிரே கிடந்தது. பேனா கையில் இருந்தது. அழிக்க மனசு வரவில்லை, பிழைதிருத்துபவன் பிழையில்லாததை அழிக்கக் கூடாது. ஒரு அம்புக்குறி இழுத்துச் சொல்லை இடம் மாற்றினார், கும்பத்தின் நஷ்டத்தைச் சிம்மத்துக்கும் சிம்மத்தின் லாபத்தைக் கும்பத்துக்கும். சிம்மம் அவர் ராசி. மற்ற சிம்ம ராசிக்காரர்கள் மன்னிக்க வேண்டும், அவர்களுக்காக அவர் வருத்தப்பட்டதுண்டு. பத்தொன்பது வருஷமாக அவர் கையால் ஓடிய காலண்டரில் கும்பத்துக்கு ஒரு கெட்ட சொல் விழவில்லை. “உங்க ராசி பீடை பிடிச்ச ராசிங்க” என்பாள் முத்துக்கனி, தாளைக் கிழித்துக்கொண்டே. ஜூன் வந்தது, ஆகஸ்டு வந்தது, காந்தி ஜெயந்தி போனது, ஐப்பசி அடைமழைபோல மெஷின் உறுமியது, தீபாவளி தாண்டியது, கார்த்திகை பிறந்தது. நவம்பர் பதினெட்டு, புதன், கார்த்திகை இரண்டு, நவமி, சூலம் வடக்கு, கும்பத்துக்கு ‘ஓய்வு’. நவம்பர் இருபது, வெள்ளி, கார்த்திகை நாலு, ஏகாதசி, சூலம் மேற்கு, கும்பத்துக்கு ‘பாராட்டு’. இருபத்தொன்று, சனி.

நில். பதினெட்டு, புதன். இருபது, வெள்ளி. நடுவில் எங்கே?

பத்தொன்பது. வியாழன், கார்த்திகை மூன்று, நவமிக்கும் ஏகாதசிக்கும் நடுவே தசமி, சூலம் தெற்கு, ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. வந்துவிட்டது பார் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டார். பிறகு அது ஞாபகமில்லை, கணக்கு என்று தெரிந்தது. வியாழக்கிழமைக்கு எப்போதும் அதே ராகு காலம்தான், எந்த வருஷத்து வியாழனையும் யாரும் தூக்கத்தில் சொல்லலாம். கும்பத்துக்கு என்ன? தெரியவில்லை. சிம்மத்துக்கு? தெரியவில்லை. சீட்டின் மூலையில் ‘த’ போட்டபோது பேனா கீறியதா, மை திட்டாக விழுந்ததா, எதுவும் இல்லை. மறுபடி பதினைந்திலிருந்து வந்தார். பதினாறு, பதினேழு, பதினெட்டு புதன், இருபது வெள்ளி. பஸ் படிக்கட்டில் ஒரு படி இல்லாமல் கால் தொங்குகிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை வந்தார், இந்தத் தடவை மெதுவாக, ஒளிந்திருப்பதைப் பிடிக்கிறவன் போல. பதினெட்டு. இருபது. “நல்லா இருக்கீங்களா ஐயா? இன்னும் ரெண்டுதான். இது ஆறு நிமிஷம்.”

இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒன்று, அந்தச் சீட்டு கட்டிலேயே இல்லை. போன வருஷத்துக் கோப்பை எடுத்துத் தேதி மாற்றி மாற்றி அடிக்கிறார்கள், பதினெட்டுக்கு அப்புறம் யாராவது போன் வந்து எழுந்து போயிருந்தால் அடுத்தது இருபதாகிவிடும், கட்டில் எத்தனை சீட்டு என்று எண்ணிப் பார்ப்பது அவர் வழக்கம், நேற்று எண்ணினாரா என்பதும் இப்போது தெரியவில்லை. அப்படியென்றால் ஒரு வியாழக்கிழமையே இல்லாமல் காலண்டர் வெளியே போகும், வீட்டுக்கு வீடு புதன் கிழித்த மறுநாள் வெள்ளி தொங்கும், அச்சகத்தின் பேர் சந்தி சிரிக்கும், இருபத்தேழு வருஷத்து ‘த’ மண்ணாகும். இன்னொன்று, சீட்டு இருக்கிறது, அவர் படித்திருக்கிறார், படித்தது தலைக்குள் இல்லை. எது வேண்டும் சொல் என்று யாரோ கேட்பதுபோல இருந்தது. சீட்டு இருக்கக் கூடாது. கடவுளே, சீட்டு இருக்கக் கூடாது. காலமெல்லாம் பிழை இருக்கக் கூடாது என்று கும்பிட்டவன் இன்றைக்குப் பிழை இரு, பிழை இரு என்று கும்பிடுகிறேன், அச்சகம் நாறட்டும், முதலாளி வைது வெளியே அனுப்பட்டும், என் தலை சரியாக இருக்கட்டும். இப்படி வேண்டியதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே மறுபடி வேண்டிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு அச்சுத் தகடு செய்யப் பிளேட்டுக்கு அனுப்புவார்கள், அப்புறம் திருத்த முடியாது. அதற்கு முன்னால் ஒரு போன், நவம்பர் கட்டைப் பிரித்துப் பார் என்று ஒரு வார்த்தை, முடிந்தது. இப்போது மணி என்ன? பத்தரையா, பத்து ஐம்பதா, பதினொன்று தாண்டிவிட்டதா? கையில் ரப்பர் பந்து இருந்தது, உள்ளங்கை வேர்த்து அது வழுவழுத்தது. அமுக்கினால் அந்தப் பெண் ஓடிவருவாள், கட்டில் வெளியே நகரும், கூண்டைத் தூக்குவார்கள், முத்துக்கனி எழுந்து நிற்பாள். கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். விரல்கள் மடங்கின, அமுங்கவில்லை. ஏன் அமுக்கவில்லை? திரும்ப முதலிலிருந்து என்ற பயமா, இல்லை, அதற்கு அவர் தயார்தான். கேட்டால் தெரிந்துவிடும். அதுதான். இந்தக் குழாய்க்குள் இருக்கும்வரை சீட்டு இருக்கிறது, இல்லவும் இல்லை, அவர் சுகமாக இருக்கிறார், சுகமில்லாமலும் இருக்கிறார், இரண்டு தவசிலிங்கமும் ஒரே கட்டிலில் ஒரே பட்டைக்குள் கிடக்கிறார்கள். வெளியே போனால் ஒருவர்தான் போக முடியும். இவ்வளவு நேரம் இந்தச் சுவர்தான் தன்னை அடைத்திருக்கிறது என்று நினைத்து அதன்மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது. சுவர் பாவம், சும்மா இருக்கிறது.

அந்தப் பேராசிரியர் சொன்னது நிஜமென்றால் எல்லாத் தாளும் இருக்கின்றன. இன்றைக்குச் சாயங்காலத் தாள் இருக்கிறது, டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிற தாள். முத்துக்கனியை யாரென்று கேட்கிற தாள் ஒன்று இருக்கலாம், எந்த வருஷத்துக் கட்டிலோ, என்ன கிழமையோ. அதுவும் அச்சாகிக் கோடவுனில் கிடக்கிறது, கம்பி அதிலும் இறங்கியிருக்கிறது, யாரும் அம்புக்குறி போட்டு மாற்ற முடியாது. அழுதால் தலை குலுங்கும், குலுங்கினால் படம் கெடும், அழக்கூட அனுமதி வாங்க வேண்டிய இடமாகப் போயிற்றே என்று நினைத்ததும் கண்ணோரம் ஒரு சொட்டு இறங்கிக் காது அடைப்பானுக்குள் போனது. அது அசைவில் சேராது என்று தேற்றிக்கொண்டார். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, யோசி, தவசிலிங்கம், பிழைதிருத்துபவன் மாதிரி யோசி. நாளைய தாள் இருக்கிறது என்றால் கிழித்த தாளும் இருக்கிறது. குளித்தது மறந்துபோனாலும் குளித்த ஈரம் ஒரு தாளில் இருக்கிறது. பத்தொன்பதாம் தேதியைப் படித்திருந்தால் படித்தபடி ஒரு தாளில் அவர் உட்கார்ந்திருக்கிறார், மின்விசிறிக்கு அடியில், பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு. அந்த ஆளுக்கு மறதி இல்லை. இந்தக் கட்டிலில் கிடக்கிற ஆளுக்குத்தான் அவனைத் தெரியவில்லை. இது ஆறுதலா, ஆறுதல் மாதிரி ஒன்றா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

காலையில் பஸ்ஸில் முத்துக்கனி சொன்னது அப்போதுதான் வந்து குறுக்கே நின்றது. திருமங்கலம் தாண்டியதும் அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள், “பக்கத்து வீட்டுல வேற கம்பெனி காலண்டர் தொங்குது. அதுல என் ராசிக்கு வாரத்துக்கு நாலு நாள் கெட்டதுதான் போட்டிருக்கான்.” இவர் தூங்குவது மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார். “எத்தனையோ வருஷமா பாக்கிறேன்” என்றாள் அவள். “நான் ஒண்ணும் கேக்கல. ஆனா எனக்கு வர்றதை எனக்கே விட்டுருங்க. ரெண்டு பேருக்கு உள்ளதை ஒருத்தர் சுமக்கக் கூடாது.” இவர் குறட்டைகூட விட்டுக் காட்டினார். என்ன மனுஷன், எவ்வளவு கேவலமான மனுஷன். பிழைதிருத்துகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, அடித்த சொல்லை அடித்திருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றினால் அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். தன் திருத்தம்தான் தப்பு என்று ஒப்புக்கொள்கிற புள்ளி. இருபத்தேழு வருஷத்தில் அவர் அதை அதிகம் வைத்ததில்லை, அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பதினெட்டு, புதன். இருபது, வெள்ளி. சத்தம் இப்போது ஒரே கூவலாக இருந்தது, எந்த மெஷினோடும் சேரவில்லை, பிறகு அதுவும் நின்றது. இவ்வளவு நேரம் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தோம் என்று நின்றபிறகுதான் தெரிந்தது. மூக்கு இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.

“முடிஞ்சது ஐயா” என்று கட்டிலை வெளியே இழுத்தாள் அந்தப் பெண். பட்டையை அவிழ்த்துக் கூண்டைத் தூக்கியதும் அவர் முதலில் மூக்கைச் சொறிந்தார். ரப்பர் பந்தை வாங்கிக்கொண்டு, “நல்லா ஒத்துழைச்சீங்க, நெறைய பேர் பாதியில அமுக்கிருவாங்க” என்றாள். கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு போலத் தெரிந்தது. அவர் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே வந்து, முத்துக்கனியிடம் கண்ணாடியை வாங்குவதற்கு முன்னால் போனை வாங்கினார். அச்சகத்தில் கதிர்காமன் எடுத்தான், கம்ப்யூட்டரில் திருத்தம் போடுகிறவன்.

“என்ன அண்ணாச்சி, ஸ்கேன் எடுத்தாச்சா?”

“அது கெடக்கட்டும். பிளேட்டுக்கு அனுப்பிட்டியா?”

“பதினோரு மணிக்குத்தான அண்ணாச்சி.”

“என் புரூப்ல நவம்பர் கட்டை எடு. பதினெட்டுக்கு அடுத்தாப்ல என்ன இருக்குன்னு பாரு.”

ரப்பர் பேண்டு கழறுகிற சத்தம் போனில் கேட்டது. தாள் புரள்கிற சத்தம் கேட்டது. முத்துக்கனி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, அவர் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிட்டாள். எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்பும் அதன் இரண்டு எழுத்துப்பிழையும் தெளிவாகத் தெரிந்தன.

“பத்தொன்பது இருக்கு அண்ணாச்சி.”

“நல்லாப் பாரு.”

“வியாழக்கிழமை. கார்த்திகை மூணு, தசமி. மூலையில உங்க ‘த’ இருக்கு. ராசிபலன்ல வழக்கம்போல ஒரு அம்பு இழுத்திருக்கீங்க. கும்பத்துக்குக் ‘கவலை’ன்னு இருந்தத சிம்மத்துக்குக் கொண்டுபோயிருக்கீங்க, சிம்மத்து ‘நிம்மதி’ய இங்க. நான் கம்ப்யூட்டர்ல மாத்திட்டேன். ஏதும் தப்பா?”

தப்பு இல்லை. ஒரு தப்பும் இல்லை. அவர் கை, அவர் பேனா, அவர் அம்பு. அந்த ஆள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறான், ஐயோ இது கனிக்கு வேண்டாம் என்று நினைத்திருக்கிறான், நினைத்ததைச் செய்திருக்கிறான். அதில் ஒரு துளியும் இவருக்கு வந்து சேரவில்லை. முத்துக்கனி அவர் மணிக்கட்டில் கடிகார வாரை மாட்டி, எந்தத் துளை என்று தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலை வகிட்டில் நரை தெரிந்தது. தவசிலிங்கத்துக்கு அவள் முன்னால் உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

“அண்ணாச்சி? இருக்கீங்களா?”

“இருக்கேன். கதிர்காமா, அந்த அம்பை அடிச்சிரு. ரெண்டு சொல்லுக்கும் அடியில புள்ளி வச்சிரு.”

“பழையபடியேவா?”

“இருந்தபடியே இருக்கட்டும். அவுகவுக சொல்லு அவுகவுகளுக்கு. மத்ததெல்லாம் சரி, பிளேட்டுக்கு அனுப்பு.”

போனை வைத்தபிறகு முத்துக்கனி கேட்டாள், “என்னங்க, பிரஸ்ல ஏதும் விட்டுப்போச்சா?”

ஒன்றுமில்லை என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, பத்தொன்பது வருஷத்துப் பழக்கம். அவர் அதை விழுங்கினார்.

“பிரஸ்ல எதுவும் விட்டுப்போகல கனி. ஒரு சீட்டு, நான் படிச்சிருக்கேன், திருத்தியிருக்கேன், கையெழுத்தும் போட்டிருக்கேன். எனக்கு ஞாபகம் இல்ல. கொஞ்சங்கூட இல்ல. சித்திரையில இருந்தே இப்படி ஆகுது. பயமா இருக்கு.”

அவள் கைக்குட்டையில் மிச்சமிருந்த மோதிரத்தை எடுத்து அவர் விரலில் ஏற்றினாள். அது முட்டியில் நின்றது. கொஞ்சம் திருகி, கொஞ்சம் அழுத்தி, வெளுத்திருந்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

“என்ன தேதி அது?” என்றாள்.

“நவம்பர் பத்தொன்பது.”

“வர்ற நவம்பரா?”

“அடுத்த வருஷத்து நவம்பர். வியாழக்கிழமை.”

“சரி” என்றாள் முத்துக்கனி, அவர் விரலை விடாமல். “அந்த வியாழக்கிழமையை நான் ஞாபகம் வச்சுக்கிறேன்.”